தபேதார், சார்ஜ்!

1

போன ஞாயிற்றுக்கிழமை மரக்கிடங்கில் எனக்கு அரை நாள் ஓய்வு. சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தேன். என் மகள் சரசு இங்கிலீஷ் நோட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். ஒரே சொல்லை ஐந்து அர்த்தத்தில் வைத்து ஐந்து வாக்கியம் எழுதி வரும்படி வாத்தியாரம்மா சொல்லியிருக்கிறாராம். அந்தச் சொல் 'சார்ஜ்'.

நான்கு எழுதி முடித்திருந்தாள். நஞ்சன்கூட்டுக்குப் பஸ் சார்ஜ் அதிகம். பெரிய டீச்சர் லீவில் போனதால் சின்ன டீச்சர் சார்ஜ். மோட்டார் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினார்கள். திருடன்மேல் போலீஸ் சார்ஜ் வைத்தது. ஐந்தாவதுக்காகப் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்த ஐந்தாவது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். 

"ஹோகலி பிடு" என்று கன்னடத்தில் சொன்னாள். போகட்டும் விடு என்று அர்த்தம். நோட்டை மூடிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். இப்போதெல்லாம் வீட்டில் எங்கள் பேச்சுக்கு அவள் கன்னடத்தில்தான் பதில் சொல்கிறாள்.

அதே வாரம் கௌதள்ளியிலிருந்து என் மைத்துனர் கடிதம் போட்டிருந்தார். "மாமா, ஊரில் உங்களைப் பற்றித் தப்பாக யாரும் பேசுவதில்லை. மைசூரில் இன்ஸ்பெக்டர் இங்கிலீஷில் ஒன்று சொல்ல, நீங்கள் வேறு மாதிரி விளங்கிக்கொண்டு, பாவம் ஜெயிலுக்குப் போய்விட்டீர்கள் என்று எல்லோரும் வருத்தப்படுகிறார்கள். நல்ல மனுஷனுக்கு இங்கிலீஷ் எமனாக வந்தது என்று ஊர்க் கவுண்டரே சொன்னார்."

அந்தக் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஊரார் எனக்காகப் படும் வருத்தத்தை நான் வாங்கிக்கொள்ள முடியாது. நடந்தது வேறு.

2

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மாரப்பன். கௌதள்ளியில் சோளமும் ராகியும் விளைந்த மேட்டுக் காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. நம் ஊர் கொள்ளேகால் தாலுகா, கோயம்புத்தூர் ஜில்லா, வெள்ளைக்காரன் சீமை. மைசூரோ மகாராஜா சீமை. நடந்தே வந்துவிடக்கூடிய தூரம்தான். ஆனாலும் எல்லையைத் தாண்டினால் ஸ்டாம்பு வேறு, கோர்ட்டு வேறு, போலீஸ்காரன் தலைப்பாகை வேறு. இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் நான் வெளியூர்க்காரன்.

மைசூர்ப் போலீஸில் சேர மைசூர்ப் பிரஜையாக இருக்க வேண்டும் என்றார்கள். மைசூர்ச் சீமையில் உள்ள நஞ்சன்கூட்டில் என் பெரியம்மா மகன் அரிசி மண்டியில் வேலையாக இருந்தார். அவர் பழக்கத்தில் ஊர்க் கணக்குப்பிள்ளையான சானுபோகரைப் பிடித்து, நான் நஞ்சன்கூட்டில் பிறந்தவன் என்று ஒரு சர்ட்டிபிகேட் வாங்கினோம். என் அரசாங்க வாழ்க்கையின் முதல் காகிதமே பொய். அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

கன்னடம் ஓரளவு தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். சேர்ந்த மூன்றாம் நாள், ரிசர்வ் போலீஸ் லைனில் ஜமேதார் என்னைப் பார்த்து, "கண்டெ ஹொடி!" என்று கத்தினார். மணி அடி என்று சொல்கிறார். என் காதில் 'ஓடி' என்று விழுந்தது. கன்னடத்தில் 'ஓடி' என்றால் ஓடுங்கள். நான் மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்துவிட்டேன். ஒரு சுற்று முடித்து இரண்டாவது சுற்றில் பார்த்தால் லைன் முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. அன்றிலிருந்து பல மாதம் என் பெயர் 'ஓடி'. அது போனபிறகு 'கொங்கன்'. தமிழ் பேசுகிறவர்களை இங்கே கோபத்திலும் கேலியிலும் அப்படித்தான் சொல்வார்கள். நான் சிரித்துக்கொண்டே போய்விடுவேன். மனசில் ஒவ்வொன்றும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

லைனில் பதினொரு வருஷம். பிறகு கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மண்டி மொஹல்லா பக்கம் ஒரு ஸ்டேஷனில் எழுத்து வேலைக்குப் போட்டார்கள். தபேதார் ஆனேன். நம் ஊர்ப் பேச்சில் ஏட்டு.

3

எங்கள் இன்ஸ்பெக்டர் பெங்களூரில் படித்தவர். கன்னடத்தோடு இங்கிலீஷைக் கலந்து, அதையும் பாதியாக முறித்துப் பேசுவார். ஸ்டேஷனைவிட்டுச் சாப்பாட்டுக்குப் போகும்போது தொப்பியை மாட்டிக்கொண்டே, "தபேதார், சார்ஜ்!" என்பார். திரும்பி வரும்வரை பொறுப்பு உன்னுடையது, பார்த்துக்கொள் என்று பொருள். மேலதிகாரி கூப்பிட்டு அனுப்பினாலும் அதுதான், மகளுக்குக் காய்ச்சல் என்று ஓடினாலும் அதுதான். நாளைக்கு இரண்டு தடவையாவது அந்த வார்த்தை என் காதில் விழும். ஏழு வருஷம் கேட்டிருக்கிறேன். இதை நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ரிசர்வ் லைன் ஆட்களுக்கு அந்த வார்த்தை வேறு. அங்கே கவாத்து மைதானத்தில் அதைச் சொன்னால் லத்தியை ஓங்கிக்கொண்டு பாய வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையன்கள் காலையும் மாலையும் வைக்கோல் பொம்மைகள்மேல் அப்படிப் பாய்ந்து பழகுவார்கள். அவர்களுக்கு அந்த ஓர் அர்த்தம்தான் தெரியும்.

4

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ராகிக்கும் அரிசிக்கும் அளவு வைத்துவிட்டார்கள். மண்டி மொஹல்லாவில் ஒரு குறுகலான சந்தில் தானிய டிப்போ. இரண்டு நாளாகத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ராகி வருகிறது என்று செய்தி பரவி, விடிந்ததும் சந்து நிறைந்துவிட்டது. பத்து மணிக்கு டிப்போக்காரன் கதவைப் பாதி திறந்து, இருப்பது கொஞ்சம், பாதிப் பேருக்குத்தான் வரும் என்று சொல்லிவிட்டு மறுபடி சாத்திக்கொண்டான். கூட்டம் கதவைத் தட்டத் தொடங்கியது.

இன்ஸ்பெக்டர், நான், ரிசர்விலிருந்து வந்த எட்டுப் பேர். நாங்கள் டிப்போ வாசலில் கூட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் நின்றோம். வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. அதுவரை யாரும் கல் எடுக்கவில்லை. கத்தினார்கள், திட்டினார்கள், பெண்கள் பையை உதறிக் காட்டி அழுதார்கள். பசித்தவர்கள் செய்வது அவ்வளவுதான்.

கூட்டத்தின் முன்வரிசையில் ஒரு ஆள் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையையும் தூக்கி மற்றவர்களை அடக்கிக்கொண்டிருந்தார். "தள்ளாதீங்கப்பா, பொம்பளைங்க நசுங்கறாங்க, கொஞ்சம் பொறுங்க" என்று கன்னடத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். முகம் தெரிந்தவர்தான். டாங்கா ஓட்டுகிற சித்தய்யா. பக்கத்தில் அவர் மனைவி நஞ்சம்மா, காலிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

பன்னிரண்டு மணி இருக்கும். சைக்கிளில் ஒரு சேவகன் வந்து, பெரிய துரை டெலிபோனில் கூப்பிடுகிறார் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னான். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போகும்போதே தலையைத் திருப்பி உரக்கச் சொன்னார்.

"தபேதார், சார்ஜ்!"

எட்டுப் பேரும் சடாரென்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். லத்திகள் பாதி உயர்ந்துவிட்டன. ஆனால் யாரும் பாயவில்லை. சின்னப் பையன் கெம்பையா, கண் அகல விரிந்து, என் வாயையே பார்த்தான். இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதால் அவர்களுக்குச் சந்தேகம். நான் என்ன செய்கிறேனோ அதைத்தான் செய்வார்கள்.

'நில்லு' என்று ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த நேரம் பார்த்து, கூட்டத்தின் பின்னாலிருந்து எவனோ கத்தினான்:

"ஏ கொங்கா! நம்ம ராகி திந்து கொப்பிதீயா!"

எங்கள் ராகியைத் தின்று கொழுத்திருக்கிறாயா என்கிறான். கூட்டம் சிரித்தது. பசியோடு நின்றவர்கள், அத்தனை நேரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்கள்.

பதினெட்டு வருஷமாக உள்ளே போய் உட்கார்ந்திருந்தது எல்லாம் ஒன்றாக எழுந்து வந்தது. நான் லத்தியை ஓங்கினேன். கத்தினவன் எங்கோ பின்னால் இருந்தான். கைக்கு எட்டியது சித்தய்யாவின் தலை. அவர் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். கை இரண்டும் இன்னும் மேலேதான் இருந்தன. "ஸ்வாமி" என்று ஆரம்பித்தார். அதற்குள் நான் அடித்துவிட்டேன்.

லத்தியின் முனையில் இரும்புப் பூண் உண்டு. காய்ந்த சுரைக்காயைத் தரையில் போட்டதுபோலச் சத்தம் கேட்டது. அவர் முழங்காலில் விழுந்தார். நான் மறுபடியும் அடித்தேன். தோளில் விழுந்தது. மூன்றாவது எங்கே விழுந்தது என்று தெரியாது.

அதற்குப் பிறகு எட்டுப் பேரும் பாய்ந்தார்கள். சந்தில் ஓட வழியில்லை. பின்னால் இருந்தவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது, முன்னால் இருந்தவர்களுக்குத் திரும்ப இடமில்லை. லத்தி ஏறி இறங்குகிற சத்தமும் பெண்களின் அலறலும்தான். ஒரு கிழவி தலையைக் காக்கக் கையைத் தூக்கினாள். அந்த முழங்கை ஒடிந்து வேறு பக்கமாகத் தொங்கியதைப் பார்த்தேன். ஒருவன் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்று, வாங்கிய ஒவ்வொரு அடிக்கும், "ஆயித்து ஸ்வாமி, ஆயித்து" என்றான். போதும் என்கிறான். நிற்கவில்லை. கதவு உடைந்து, ஒரு மூட்டை சரிந்து கிழிந்தது. ராகி சாக்கடையில் கொட்டியது. அடிபட்டுக் கீழே கிடந்த பெண் ஒருத்தி, ரத்தம் வழிகிற முகத்தோடு, அந்த ராகியை இரண்டு கையாலும் அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

கல் அப்போதுதான் வந்தது. சந்து முனையிலிருந்து நாலைந்து. ஒன்று கெம்பையாவின் காதில் பட்டது.

எல்லாம் முடிய எவ்வளவு நேரம் ஆயிற்று என்று என்னால் சொல்ல முடியாது. சந்து காலியானபோது கெம்பையா சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான். நஞ்சம்மா புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் அழுத்திப் பிடித்திருந்தாள். அவள் அழவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார். "யாரு சொன்னது? அடிக்க யாரய்யா சொன்னது?"

நான் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தேன். "நீங்கதான் ஸார். சார்ஜ்னு சொன்னீங்க."

 நான் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. எனக்கு அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

5

அந்தப் பொய் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. மேலே இருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார். என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லி, இதமாகக் கேட்டார்.

"உனக்கு இங்கிலீஷ் தெரியாது, அல்லவா?"

"தெரியாதுங்க ஸார்."

"அவர் ஒன்று சொல்ல, நீ வேறு ஒன்றாக எடுத்துக்கொண்டாய். அவ்வளவுதானே?"

"ஆமாங்க ஸார்."

எழுதிக்கொண்டார். மொழி புரியாததால் நேர்ந்த பிசகு, யார்மேலும் குற்றம் இல்லை, தபேதாருக்கு எச்சரிக்கை. இனிமேல் உத்தரவுகளைக் கன்னடத்தில் கொடுக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

ஆனால் அடிபட்டவர்கள் இருக்கிறார்களே. கூட்டம் சும்மா நின்றபோது அடித்தோம் என்று இருக்கக் கூடாது. கூட்டம்தான் முதலில் கல்லெறிந்தது என்று கேஸ் ஜோடிக்க வேண்டும். ஆறு பேர்மேல் சார்ஜ் ஷீட். எழுதவேண்டியவன் நான். முதல் எதிரியாக, ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்த சித்தய்யாவின் பெயரை எழுதினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் இறந்துபோனார். அதுவரை ஒரு தரம்கூடக் கண்ணைத் திறக்கவில்லையாம்.

இன்ஸ்பெக்டர் காகிதத்தை என் மேஜைமேல் போட்டார். "அந்தப் பேரை அடிச்சிடு. அந்த இடத்துல பொண்டாட்டி பேரை எழுது. கூட்டத்தைத் தூண்டிவிட்டாள்னு."

"அந்தப் பொம்பளை ஒண்ணும் பண்ணலீங்களே ஸார்."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மாரப்பா, உன் சர்வீஸ் புக்குல நஞ்சன்கூடுன்னு இருக்கு. நீ கௌதள்ளிக்காரன்னு எனக்குத் தெரியாதா? நான் ஒரு வரி எழுதினா, நீயும் உன் குடும்பமும் நாளைக்கே எல்லைக்கு அந்தப் பக்கம். நீ என்னை மாட்டிவிட்டே, நான் பொறுத்துக்கிட்டேன். இப்ப நீ எழுது."

சித்தய்யாவை அடித்தது போதாது என்று அவர் பெயரையும் ஒரு கோட்டால் அடித்தேன். மேலே 'நஞ்சம்மா, சித்தய்யாவின் மனைவி' என்று எழுதினேன். எல்லோரும் புகழ்ந்த அதே கையெழுத்து.

வீட்டில் என் மனைவி பழனியம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் லைன் வீடுகளில் எல்லாம் தெரிந்துவிடும். சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, அந்த வண்டிக்காரரு செத்துட்டாராமே?"

"ம்."

"நீங்க அடிச்சதுலீங்களா?"

"கூட்டத்துல யாரு அடிச்சதுன்னு யாரு கண்டா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். அந்த ராத்திரி மட்டுமல்ல, பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை. சரசு அப்போது சின்னவள். இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்ப்பாள்.

6

நாலு மாதம் கழித்துக் கேஸ் வந்தது. மாஜிஸ்ட்ரேட் முன்னால் ஆறு பேர் நின்றார்கள். நஞ்சம்மா கடைசியில் நின்றாள். நெற்றி வெறுமையாக இருந்தது. உடைந்த கையோடு அந்தக் கிழவியும் எதிரிகளில் ஒருத்தி. எலும்பு கோணலாகக் கூடியிருந்தது.

அவர்களுக்காக வாதாடிய வக்கீல் வயதானவர். பாதிப் பேச்சில் இருமல் வந்துவிடும். கூண்டில் ஏறி நான் சத்தியம் செய்ததும், மிகச் சாதாரணமாகக் கேட்டார்.

"தபேதாரே, சார்ஜ் என்ற சொல்லை இதற்கு முன்னால் கேட்டிருக்கிறீர்களா?"

"கேட்டிருக்கிறேன்."

"எங்கே?"

"ஸ்டேஷனில். இந்தக் காகிதத்துக்கே சார்ஜ் ஷீட் என்றுதான் பெயர். துப்பாக்கியில் போடும் மருந்துக்கும் சார்ஜ் என்பார்கள். பஸ்ஸில் கொடுப்பதும் சார்ஜ்."

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை.

"இங்கிலீஷ் தெரியாத ஆளுக்கு நிறைய அர்த்தம் தெரிந்திருக்கிறதே. இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனைவிட்டு வெளியே போகும்போது உங்களிடம் என்ன சொல்வார்?"

 அரசாங்க வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். மாஜிஸ்ட்ரேட், பதில் சொல்லட்டும் என்றார். பின்வரிசையில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். அவர் விரலால் தொப்பியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"சார்ஜ் என்பார்."

"அப்படிச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஸ்டேஷனில் இருக்கிறவர்களை லத்தியால் அடிப்பீர்களா?"

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. நான் தலையைத் திருப்பினேன். நஞ்சம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சந்தில் பார்த்த அதே பார்வை. அவளுக்கு இந்த வார்த்தை விசாரணை எதுவும் விளங்கியிருக்காது. விளங்க வேண்டிய அவசியமும் இல்லை. அடித்தவன் முகம் அவளுக்குத் தெரியும். அவ்வளவு போதும்.

"இல்லை," என்றேன். "பார்த்துக்கொள் என்று அர்த்தம்."

"அன்றைக்கு டிப்போ வாசலில்?"

"அன்றைக்கும் அதே அர்த்தம்தான்."

"நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?"

"அதே மாதிரிதான். சரியாகத்தான் புரிந்துகொண்டேன்."

"அப்படியானால் அடிக்கச் சொன்னது யார்?"

"யாரும் சொல்லவில்லை. எவனோ என்னைக் கொங்கன் என்று வைதான். எனக்குக் கோபம் வந்தது. நான் அடித்தேன். சித்தய்யா கூட்டத்தை அடக்கிக்கொண்டிருந்தார், அவரை அடித்தேன். நான் அடித்ததைப் பார்த்து மற்றவர்கள் அடித்தார்கள். கல் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த அம்மா கல் எடுக்கவில்லை. யாரையும் தூண்டவில்லை. இவர் பேரை எழுதியது நான்."

வக்கீல் இருமினார். வெகுநேரம் இருமினார். பிறகு, "வேறு கேள்வி இல்லை" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

நான் நல்லவனாக மாறிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கேள்வி அப்படி வந்து நிற்காவிட்டால், பழைய பொய்யையே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். கூண்டைவிட்டு இறங்கும்போது மனசு லேசாயிற்று என்றெல்லாம் இல்லை. பயம்தான்.

7

ஆறு பேரையும் விட்டுவிட்டார்கள். என்னைப் பிடித்தார்கள். என்மேல் போட்ட சார்ஜ் ஷீட்டை வேறொருவர் எழுதினார். அதில் பிறந்த ஊர் கௌதள்ளி என்று சரியாக இருந்தது. வேலை போயிற்று, பென்ஷன் போயிற்று. இரண்டு வருஷம் கடுங்காவல். இன்ஸ்பெக்டருக்கு வேறு ஊருக்கு மாற்றல்.

ஜெயிலில் முதல் மாதமே அடி விழுந்தது. நான் போலீஸ்காரன் என்று தெரிந்தவுடன், கல் உடைக்கும் இடத்தில் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். முன்பல் இரண்டு போயிற்று, விலா எலும்பு ஒன்று விரிசல் கண்டது. வார்டர் பார்த்துக்கொண்டு நின்றார். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லாததற்குப் பெருந்தன்மை காரணம் இல்லை, சொன்னால் மறுபடி விழும்.

லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்; எல்லைக்கு அந்தப் பக்கம் போ என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பழனியம்மா, சரசுவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம் என்று மூட்டை கட்டினாளாம். சரசு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தாளாம். "அல்லி நங்க்யாரு கொத்து?" அங்கே எனக்கு யாரைத் தெரியும் என்று அழுதிருக்கிறாள். கௌதள்ளி அவளுக்கு வேற்றூர். அவள் அப்பாவைக் கொலைகாரன் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னவர்களும், அவளோடு சோற்றைப் பங்கிட்டுத் தின்றவர்களும் எல்லோரும் இந்த ஊரில்தான் இருந்தார்கள். பழனியம்மா மூட்டையை அவிழ்த்தாள். நாலு வீட்டில் மாவு இடித்துப் பெண்ணைப் படிக்கவைத்தாள். நான் விடுதலையாகி வந்து, இந்த மரக்கிடங்கில் காவல் வேலையில் சேர்ந்தேன்.

வந்த மறு மாதம் நஞ்சம்மா வீட்டைத் தேடிப் போனேன். பழனியம்மா, "போகாதீங்க, அவங்களுக்கு ஆறுதலுக்குன்னு நெனைச்சுக்கிட்டு உங்க ஆறுதலுக்குப் போறீங்க" என்றாள். அவள் சொன்னது சரி. ஆனாலும் போனேன்.

காலை நேரம். ஓட்டு வீடு. வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். டாங்காவும் குதிரையும் விற்றுப்போய், கொட்டகை காலியாக இருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"எதுக்கு வந்தே?"

"மன்னிப்புக் கேக்கறதுக்கும்மா."

 உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் சித்தய்யாவின் சாட்டை இருந்தது. குதிரைச் சாட்டை.

முதல் வீச்சு என் கழுத்தில் விழுந்தது. நான் நகரவில்லை. இரண்டாவது முகத்தில். உதடு கிழிந்து வாயில் உப்புக் கரித்தது. மூன்றாவது, நாலாவது. பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சு இரைக்க, ஒரு வார்த்தை பேசாமல் அடித்தாள். அக்கம்பக்கத்தார் வெளியே வந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. ஒரு அடிக்கு நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகும் இரண்டு விழுந்தது.

திடீரென்று நிறுத்தினாள். சாட்டையைப் பிடித்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.  பிறகு எனக்கு எதிரே, சாணி தெளித்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். கோபம் எல்லாம் போய், குழந்தை கேட்பதுபோல என்னைக் கேட்டாள்.

"ஹொடெயோது இஷ்டு சுலபவா?"

அடிக்கிறது இவ்வளவு சுலபமா என்று கேட்கிறாள்.

"ஆமாம்மா," என்றேன். "ரொம்பச் சுலபம்."

அப்போதுதான் அவள் அழுதாள். புருஷன் அடிபட்ட அன்றும் கோர்ட்டிலும் அழாதவள், என் எதிரில் தரையில் குந்தி, வாய்விட்டு அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வந்து அவள் தோளைப் பிடித்துத் தூக்கி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். போகிறபோது நஞ்சம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எழுந்து, துண்டால் வாயை மூடிக்கொண்டு, கிடங்குக்கு வேலைக்கு நடந்தேன்.